சூரியன் மறையற நேரத்துல எடுத்த மலைப் படத்த எங்க வெட்டறது?

உங்க கேள்விய நான் புரிஞ்சுகிட்டபடி சொல்லிடறேன். ஏரிக்கரையில நின்னு சாயங்காலம் மலைய எடுத்திருக்கீங்க, 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமரா, 24 எம்எம் லென்ஸ். மேல பாதி ஆரஞ்சு மேகம், நடுவுல மலை ஒரு பட்டை மாதிரி சின்னதா, அதுக்கு கீழ தண்ணியில அதோட நிழல், அடியில கருப்பா கரை. ஒரு ஃப்ரெண்டு அடியில வெட்டி பனோரமாவா ஆக்குன்றார், இன்னொருத்தர் வானம் ஜாஸ்தி அத வெட்டுன்றார், மூணாவது ஆள் வெட்டவே கூடாது, கேமராவுலயே சரியா எடுத்திருக்கணும்னு சொல்லி உங்கள குழப்பி விட்டுட்டார். யார் சொல்றது சரி?

முதல் ரெண்டு பேரும் சரிதான். ஏன்னா அது ஒரு படம் இல்ல, மூணு படம் ஒரே ஃப்ரேமுக்குள்ள மாட்டிகிட்டு இருக்கு. மேகம் ஒரு படம், உச்சியில விழுந்த வெளிச்சம் ஒரு படம், தண்ணியில தெரியற நிழல் ஒரு படம். மூணும் ஒண்ண ஒண்ணு தள்ளிகிட்டு நிக்கறதாலதான் உங்களுக்கு "அங்க நின்னு பாத்தப்ப இருந்தது படத்துல இல்லையே"ன்னு தோணுது. இதுல எது உங்களுக்கு வேணும்ன்றத நீங்க முடிவு பண்ணணும், அத முடிவு பண்ணிட்டா எங்க வெட்டறதுன்றது முக்கால்வாசி தானா தெரிஞ்சிடும். முடிவு பண்ணாம கிராப் டூல திறந்து வச்சுகிட்டு ஓரத்த இழுத்து இழுத்து பாத்தா ராத்திரி பூரா இழுத்துகிட்டேதான் இருக்கணும், நானும் இழுத்திருக்கேன்.

மூணாவது ஆள் சொன்னதுக்கு ஒரு வார்த்தை. வெட்டக்கூடாதுன்னு பிடிவாதமா இருந்தவங்கள்ல பெரிய பேர் பிரெஞ்சு புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன், ஆனா 1932ல பாரீஸ் சான் லசார் ஸ்டேஷனுக்கு பின்னாடி ஒரு ஆள் தேங்குன தண்ணிய தாண்டற அந்த படம் இருக்கே, அது வேலி இடுக்கு வழியா எடுத்தது, ஓரத்துல வேலி மறைச்சதால அவரே அத வெட்டித்தான் பிரிண்ட் போட்டார். அதவிட, நீங்க புனிதமா நினைக்கற அந்த 3:2ன்ற அகல உயர அளவே ஒருத்தர் தன் வசதிக்கு வச்சதுதான். லைகா கேமராவ உருவாக்கின ஆஸ்கர் பார்னாக் 18க்கு 24 எம்எம் இருந்த சினிமா ஃபிரேம் ரெண்ட பக்கம் பக்கமா சேத்து 24க்கு 36னு ஆக்கினார், 1925ல லைகா கடைக்கு வந்தப்புறம் அதுவே வழக்கமாயிடுச்சு. மலை அந்த அளவ பாத்து வளரல. அதனால வெட்டறதுக்கு கூச்சப்படாதீங்க. ஆனா அவர் சொன்னதுல பாதி உண்மை இருக்கு, வெட்டப்போற படத்த எடுக்கறப்பவே அதுக்கு தகுந்த மாதிரி எடுக்கணும், அதுக்கு பின்னாடி வரேன்.

முதல்ல வெளிச்சம். சாயங்கால வெளிச்சம் ஒண்ணு இல்ல, வரிசையா நாலு தினுசு வருது, ஒவ்வொண்ணும் வேற வேற இடத்துல வெட்ட சொல்லும்.

சூரியன் அடிவானத்துக்கு வந்துட்டா அதோட வெளிச்சம் நேர் தலைக்கு மேல இருக்கறப்ப கடக்கற காத்த விட சுமார் 38 மடங்கு காத்த கடந்து வருது, வழியிலேயே நீலம் சிதறிப்போய் மிச்சம் ஆரஞ்சும் சிவப்பும் வந்து சேருது. அதுக்கு கொஞ்சம் முன்னாடி, சூரியன் இன்னும் நாலஞ்சு டிகிரி மேல இருக்கறப்ப வெளிச்சம் பக்கவாட்டுல விழும், பாறையில இருக்கற ஒவ்வொரு மடிப்பும் நிழலோட எழும்பி நிக்கும். அந்த நேரத்து படத்துல வானம் பெரும்பாலும் சாதாரணமாத்தான் இருக்கும், தயங்காம வெட்டலாம், மலையோட மடிப்பு மட்டும் போதும்.

அடுத்தது உச்சி மட்டும் எரியற நேரம். கீழ நீங்க நிக்கற இடம் நிழலாயிடும், மேல மட்டும் வெளிச்சம் இருக்கும். கணக்கு போட்டா, நடுவுல எதுவும் மறைக்கலேன்னா 3000 மீட்டர் உயரத்துல இருக்கற ஒரு உச்சிக்கு கடல் மட்டத்த விட சூரியன் சுமார் 7 நிமிஷம் கூடுதலா தெரியும், அதுவும் பூமத்திய ரேகை பக்கத்துல, வடக்கயோ தெக்கயோ போகப்போக இன்னும் நேரம் கூடும். இந்த 7 நிமிஷத்துல வெளிச்சக் கோடு மலை மேல ஏறிகிட்டே போறத கண்ணால பாக்கலாம். இங்க வெட்டறதுதான் கஷ்டம், ஏன்னா எரியற பகுதி ஃப்ரேம்ல பத்துல ஒரு பங்குதான் இருக்கும், மிச்சம் எல்லாம் நீலமா இருட்டா. அந்த இருட்ட முழுசா வெட்டிட்டா எரியறது எரியற மாதிரியே தெரியாது, சும்மா ஆரஞ்சு பாறை மாதிரி ஆயிடும். பக்கத்துல நீல நிழல் இருக்கறதாலதான் அது ஜொலிக்குது. வெளிச்சம் ஒரு பங்குன்னா நிழல் ரெண்டு பங்காவது நான் விடுவேன், இது சட்டம் ஒண்ணும் இல்ல, என் கண்ணுக்கு அப்படி பழகிடுச்சு.

மூணாவது, சூரியன் போயாச்சு, மேகத்தோட அடிப்பக்கம் சிவக்குது, மலை வெறும் கருப்பு உருவம். இப்ப மலையில விவரமே கிடையாது, அதோட மேல் கோடு மட்டும்தான் படம். கோடு படுத்த மாதிரி நீளமா போனா பனோரமா, ஒரே ஒரு கூர்மையான உச்சின்னா நிக்க வச்ச ஃப்ரேம். கருப்பு பகுதிய ரொம்ப ஆழமா விடாதீங்க, மலைன்னு தெரியற அளவுக்கு கனம் இருந்தா போதும். இந்த நேரத்துல திரும்பி எதிர்ப்பக்கம் பாக்கறவங்க ரொம்ப கம்மி, அங்க அடிவானத்துல சாம்பல் நீலத்துல ஒரு பட்டையும் அதுக்கு மேல ரோஸ் கலர்ல ஒரு பட்டையும் இருக்கும். அந்த நீலப் பட்டை பூமியோட நிழல், ரோஸ பெல்ட் ஆஃப் வீனஸ்னு சொல்லுவாங்க. சூரியன் இறங்க இறங்க அந்த நிழல் மேல ஏறும். ரெண்டும் படுக்கை வாட்டத்துல இருக்கறதால அகலமா வெட்டுனாதான் அழகு.

நாலாவது, எல்லாரும் பேக்க கட்டிகிட்டு கிளம்புன பிறகு வரது. சூரியன் அடிவானத்துக்கு கீழ 6 டிகிரி போற வரைக்கும் வானத்துல நல்ல வெளிச்சம் இருக்கும், அந்த வெளிச்சம் திரும்ப மலை மேல பட்டு மெல்லிசா ஒரு ரோஸ் வரும், பனி இருந்தா இன்னும் நல்லா தெரியும். நான் ஒரு தடவ சூரியன் போச்சு அவ்ளோதான்னு ட்ரைபாட மடிச்சு பைக்குள்ள போட்டுட்டு பாதி வழி இறங்கிட்டேன், எதுக்கோ திரும்பி பாத்தா மலை முழுக்க ரோஸ். பைய பிரிச்சு ட்ரைபாட விரிக்கறதுக்குள்ள சாம்பலாயிடுச்சு. அதுக்கப்புறம் சூரியன் மறைஞ்சு அரை மணி நேரம் நிக்காம கிளம்பறதில்ல, தலையில மாட்டற டார்ச் இல்லாமயும் போறதில்ல.

வெளிச்சம் வேகமா மாறும்ன்றதுக்கு அமெரிக்க புகைப்படக்காரர் அன்செல் ஆடம்ஸ் கதை ஒண்ணு போதும். 1941ல நியூ மெக்ஸிகோவுல ஹெர்னான்டஸ்ன்ற ஊர் பக்கம் காரை நிறுத்திட்டு ஓடறார், கல்லறை சிலுவைங்க மேல கடைசி வெயில், பின்னாடி மலை, மேல நிலா. லைட் மீட்டர் கைக்கு கிடைக்கல. நிலாவோட வெளிச்சம் சதுர அடிக்கு 250 கேண்டில்னு மனப்பாடமா தெரிஞ்சதால அத வச்சு ஃபிலிமுக்கு எவ்ளோ வெளிச்சம் விடறதுன்ற எக்ஸ்போஷர் கணக்கு போட்டு ஒரு படம் எடுத்தார், ரெண்டாவதுக்கு ஃபிலிம் ஹோல்டர திருப்பறதுக்குள்ள சிலுவை மேல இருந்த வெயில் போயிடுச்சு. இருந்த ஒரே நெகட்டிவ வச்சு அப்புறம் பல வருஷம் டார்க் ரூம்ல வானத்த இருட்டாக்கி இருட்டாக்கி பிரிண்ட் போட்டுகிட்டே இருந்தார். எடுக்கறது ஒரு நிமிஷம், அத என்ன பண்ணலாம்னு பாக்கறது வருஷக்கணக்குல, நீங்க கிராப்ப பத்தி மூணு நாள் யோசிக்கறதுல தப்பே இல்ல.

இப்ப எடுக்கறப்ப கவனிக்க வேண்டியது. வெட்டறதுன்றது படத்த பெருசாக்கறது, அப்ப தப்பும் சேந்து பெருசாகும், இத யாரும் சொல்றதில்ல. 24 எம்எம்ல எஃப் 8 (லென்ஸ் துவாரத்தோட அளவு, எண் கூடுனா துவாரம் சின்னதாகும்) வச்சு 2.4 மீட்டர்ல ஃபோகஸ் பண்ணா 1.2 மீட்டர்ல இருந்து கடைசி மலை வரைக்கும் ஷார்ப்னு ஃபோகஸ் தூரம் போட்ட டேபிள்ல இருக்கும், ஆனா அந்த டேபிள் முழு ஃப்ரேம பாக்கறதா நினைச்சு போட்டது. அதுல பாதிய வெட்டி மலைய மட்டும் பெருசாக்கினீங்கன்னா தூரத்து மலை லேசா கலங்கி நிக்கும். அதனால பின்னாடி மலைய வெட்டி எடுக்கற எண்ணம் இருந்தா ஃபோகஸ மலை மேலயே வைங்க, கால் பக்கத்து கல் கொஞ்சம் மங்குனா மங்கட்டும், அது எப்படியும் வெட்டுப்படப் போகுது. கையில பிடிச்சு எடுக்கற ஷட்டர் வேகமும் அப்படித்தான், 24 எம்எம்முக்கு 1/25 போதும்னு தோணும், 50 எம்எம் லென்ஸ்ல தெரியற அளவுக்கு வெட்டப்போறீங்கன்னா 1/50 வேணும். ட்ரைபாட் இருந்தா இந்த பேச்சே இல்ல. எஃப் 22க்கு போகாதீங்க, சின்ன துவாரத்துல வெளிச்சம் வளைஞ்சு பரவற டிஃப்ராக்ஷன்ல ஷார்ப்னஸ் போயிடும், 8, 11 போதும்.

அப்புறம் சிவப்பு சேனல். சாயங்காலம் ஹிஸ்டோகிராம் (இருட்டு இடது பக்கம், வெளிச்சம் வலது பக்கம்னு கேமரா காட்டற வரைபடம்) மொத்தமா பாத்தா எல்லாம் சரியா இருக்கற மாதிரி காட்டும், ஆனா சிவப்பு மட்டும் தனியா வலது சுவத்துல முட்டி நிக்கும், வீட்டுக்கு வந்து பாத்தா மேகத்துல விவரமே இருக்காது, ஒரே ஆரஞ்சு பெயின்ட் அப்பின மாதிரி. ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம ஆன் பண்ணி வைங்க, சிவப்பு முட்டுச்சுன்னா ஒரு ஸ்டாப் கொறைங்க, அதாவது வெளிச்சத்த பாதியாக்குங்க. கலர சரி பண்ற ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவுல இருந்தா கேமரா அந்த ஆரஞ்ச ஏதோ தப்புன்னு நினைச்சு சரி பண்ணப்பாக்கும், டேலைட்ல வைங்க. கேமரா பதிஞ்சத அப்படியே வச்சிருக்கற ரா ஃபைல் எடுத்தா அப்புறமும் மாத்திக்கலாம், ரெண்டு ஸ்டாப் கூட, ரெண்டு ஸ்டாப் கம்மின்னு மூணு படம் எடுத்து வச்சா நிழலும் மேகமும் ரெண்டும் கைக்குள்ள இருக்கும்.

எல்லாத்துக்கும் மேல, ஓரத்துல கொஞ்சம் இடம் விட்டு எடுங்க. சாஞ்ச படத்த நிமித்துனா நாலு பக்கமும் வெட்டுப்படும், 6000க்கு 4000 பிக்சல் படத்த ரெண்டே டிகிரி திருப்புனா அதே அளவு விகிதத்துல கிட்டத்தட்ட பத்து சதவீதம் பரப்பு போயிடும். உச்சிய ஃப்ரேமோட மேல் ஓரத்த தொடற மாதிரி எடுத்து வச்சிருந்தா நிமித்தறப்ப உச்சி போச்சு.

சரி, உங்க படத்துக்கு வரலாம். முதல் வேலை நிமித்தறது, வெட்டறதுக்கு முன்னாடியே. ஏரிக்கரைய மட்டமா வைக்கணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது தப்பு. கரை உங்கள விட்டு சாய்வா விலகிப் போனா படத்துல அது சாஞ்சுதான் தெரியணும், அத மட்டமாக்குனா மலை சாஞ்சிடும். நம்பக்கூடியது தண்ணியில தெரியற நிழல்தான், ஃப்ரேம் நடுவுக்கு பக்கத்துல இருக்கற ஒரு உச்சியையும் தண்ணியில அதோட உச்சியையும் ஒரே நேர் கோட்டுல வர வைங்க, படம் நிமிந்துடும்.

அடுத்து அந்த முடிவு. என்ன கேட்டா, உங்க மேகம் நல்ல மேகம்தான் ஆனா அந்த மாதிரி மேகம் எங்க வேணா கிடைக்கும், அந்த உச்சியில விழுந்த வெளிச்சமும் அது தண்ணியில தெரியறதும்தான் அந்த இடத்துக்கே உரியது. நான் வானத்துல மேல பாதிய வெட்டுவேன். கரையோட கருப்பு அதுல ஒண்ணுமே இல்ல, அதுவும் போகட்டும். மிச்சம் இருக்கறது ஒரு அகலமான படம், 2:1க்கு வரும்னு நினைக்கறேன், 6000க்கு 3000, அதாவது 18 மெகாபிக்சல், பெரிய பிரிண்டுக்கே தாராளம். நடுவுல தண்ணிக் கோடு வந்துடுச்சே, மூணுல ஒரு பங்கு விதி என்னாச்சுன்னு யாராவது கேப்பாங்க. அந்த விதிய அந்த பேர்ல முதல்ல எழுதினது 1797ல ஜான் தாமஸ் ஸ்மித்னு ஒருத்தர், அது இயற்கைக் காட்சி வரையறவங்களுக்கு சொன்னது, மலையும் நிழலும் ஒண்ணுக்கொண்ணு சமமா இருக்கறதுதான் படம்ன்றப்ப கோடு நடுவுல இருக்கறதுல குத்தமே இல்ல. ஒரு விஷயம் மட்டும், தண்ணியில தெரியறது நிஜ மலைய விட எப்பவும் கொஞ்சம் இருட்டா இருக்கணும். சில பேர் அத ஸ்லைடர்ல இழுத்து மலைய விட பளிச்சுன்னு ஆக்கிடறாங்க, பாக்கறவனுக்கு காரணம் தெரியாது ஆனா ஏதோ பொய்யின்னு தோணிடும்.

பனோரமா வேண்டாம், உச்சிய மட்டும் எடுக்கலாம்னா அதுவும் பண்ணலாம், ஆனா பிக்சல் கணக்கு பாத்துக்கோங்க. 24 எம்எம் படத்த 50 எம்எம் பார்வைக்கு வெட்டுனா மிஞ்சறது அஞ்சரை மெகாபிக்சல்தான், இன்ச்சுக்கு 300 புள்ளி, அதாவது 300 டிபிஐயில பிரிண்ட் போட்டா ஒம்பதரை இன்ச் அகலம் வரும். ஃபோன்ல காட்டறதுக்கு போதும், சுவத்துல மாட்டறதுக்கு பத்தாது. பார்வைக் கோணம், மலைங்க ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணு அடுக்கி நிக்கற விதம், இதெல்லாம் அதே இடத்துல நின்னு தூரத்த கிட்ட காட்டற டெலி லென்ஸ்ல எடுத்த மாதிரியேதான் இருக்கும், லென்ஸ் மாத்துனா பெர்ஸ்பெக்டிவ் மாறும்ன்றது தப்பு, நீங்க நடந்து இடம் மாறுனாதான் மாறும். போன்ல ரெண்டு விரல வச்சு ஜூம் பண்றதும் பாதி நேரம் இந்த வெட்டறதுதான், முன்னாடியே வெட்டி கொடுக்குது அவ்ளோதான், அதுக்கு பேசாம முழுசா எடுத்துட்டு வீட்டுல வெட்டலாம்.

பக்கவாட்டுல எங்க நிறுத்தறதுன்றதுக்கு ஒரு வழி சொல்றேன். ஓரக் கோடு எந்த உச்சியையும் பாதியில வெட்டக்கூடாது, ரெண்டு உச்சிக்கு நடுவுல தாழ்வா ஒரு கணவாய் இருக்கும் பாருங்க, அங்க வெட்டுங்க. உச்சிய அறுத்தா கண்ணு ஃப்ரேமுக்கு வெளிய போய் மிச்ச மலைய தேடும். மலைச்சரிவு சரியா ஃப்ரேமோட மூலையில போய் முடியறதும் நல்லா இருக்காது, கொஞ்சம் மேலயோ கீழயோ தள்ளி முடியட்டும். உச்சிக்கு மேல மூச்சு விட கொஞ்சம் வானம் வேணும், எவ்ளோன்னு அளவு கிடையாது, உச்சி ஓரத்த இடிக்கற மாதிரி தோணக்கூடாது அவ்ளோதான். நாலு ஓரத்தையும் சுத்தி ஒரு தடவ கண்ணால நடந்து பாருங்க, பாதி வெட்டுப்பட்ட கிளை, மூலையில ஒரு பளிச் மேகத்துண்டு, இந்த மாதிரி இருக்கும், அதுதான் பாக்கறவன் கண்ண வெளிய இழுத்துட்டு போகும்.

சரியா வந்துச்சான்னு பாக்க நான் பண்றது ரெண்டு. படத்த தலைகீழா திருப்பி பாக்கறது, அப்ப அது மலையா தெரியாம வெறும் இருட்டும் வெளிச்சமுமா தெரியும், எந்தப் பக்கம் கனம் ஜாஸ்தின்னு உடனே புரியும். இன்னொண்ணு தீப்பெட்டி அளவுக்கு சின்னதாக்கி பாக்கறது, அந்த அளவுலயும் கண்ணு போய் உச்சியில நின்னா கிராப் சரி, எங்கயும் நிக்காம அலைஞ்சா இன்னும் ரெண்டு படம் உள்ள இருக்குன்னு அர்த்தம்.

லைட்ரூம் மாதிரி சாஃப்ட்வேர்ல வெட்டுனா ஒரிஜினல் அப்படியேதான் இருக்கும், அதனால விர்ச்சுவல் காப்பி (ஃபைல நகல் எடுக்காமலே தனியா ஒரு எடிட்) போட்டு பனோரமா ஒண்ணு, மேகத்துக்கு ஒண்ணு, சதுரமா உச்சிக்கு ஒண்ணுன்னு மூணு போட்டு ஒரு வாரம் கழிச்சு பாருங்க. ஓரம் இருட்டாக்கற விக்னெட், ஒரு பக்கத்துல இருந்து படிப்படியா இருட்டாக்கற கிரேடியன்ட் எல்லாம் வெட்டுன பிறகு போடுங்க, முன்னாடி போட்டா பாதி வெட்டுல போய் ஒரு பக்கம் மட்டும் இருட்டா நிக்கும். ஃபோன் கேலரியில வெட்டி அதே ஜேபெக் மேல சேவ் பண்றவங்க ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு பண்ணுங்க.

பிரிண்ட் போட்டு ஃப்ரேம் மாட்டற எண்ணம் இருந்தா இன்னும் ஒண்ணு. ஒரு தடவ உச்சிக்கு மேல அளவெடுத்த மாதிரி இம்மி வானம் விட்டு வெட்டி பிரிண்டுக்கு குடுத்தேன், ஃப்ரேம் போட்டவர் சுத்தி வச்ச மவுன்ட் அட்டை நாலு பக்கமும் சில எம்எம்ம முழுங்கிடுச்சு, இப்ப அந்த மலை அட்டையில தலைய முட்டிகிட்டு என் சுவத்துல தொங்குது. அட்டைக்கு கீழ போறதுக்குன்னு நாலு பக்கமும் கொஞ்சம் கூடுதலா விட்டு வெட்டுன காப்பி ஒண்ணு தனியா வச்சுக்கோங்க.